சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கவும்

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுவது. இங்கே நாலு பேரும் சாப்பிட்டு, தூங்கி, எழுந்து நடமாடுகிறோம். அதற்குப் பெயர் சுகம் என்றால் சுகம்தான். உங்கள் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? நாள் முழுக்கப் பாயில் உட்கார்ந்து பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு அது போகாது என்று மாமா சொன்னார்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். என் போன் என்னுடையது இல்லை அண்ணி. உங்கள் தம்பி எடுத்துப் பார்ப்பார், மாமா எடுத்துப் பார்ப்பார், துரை எடுத்து நக்குவான். அதனால்தான் இதை உங்கள் பேச்சுப் பயிற்சி மையத்து முகவரிக்கு அனுப்புகிறேன். பதிலை நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அனுப்புங்கள்.

விஷயம் துரையைப் பற்றித்தான். துரை வாய் திறந்து எதையும் கேட்க மாட்டார், குறிப்பறிந்து நாம்தான் செய்யவேண்டும் என்று உங்கள் தம்பி விளையாட்டாக வைத்த பெயர். ஒரு வயதில் அது சிரிப்பாக இருந்தது. வருகிற ஜூன் பதினொன்றாம் தேதி அவனுக்கு மூன்று முடிகிறது. இன்னும் ஒரு வார்த்தை இல்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. எதையும் விரலால் காட்டுவதில்லை. ஏதாவது வேண்டும் என்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். அந்தக் கைக்கு மேலே ஒரு முகம் இருக்கிறது என்று நிமிர்ந்து பார்க்க மாட்டான்.

போன வாரம் மழலையர் பள்ளி டீச்சர் எங்களைக் கூப்பிட்டு, யாரிடமாவது காட்டுங்கள் என்றார். மாமா உடனே பையிலிருந்து உங்கள் கடிதத்தை எடுத்தார். போன வருடம் மே மாதம் உங்கள் மையத்தின் லெட்டர்பேடில் முத்திரை குத்தி அனுப்பினீர்களே, அதுதான். மாமா அதை லேமினேட் செய்து வைத்திருக்கிறார். "படிச்சுப் பாருங்க டீச்சர். என் பொண்ணு பதினேழு வருஷமா இந்த வேலையிலதான் இருக்கா. அவளைவிட உங்களுக்கு அதிகமா தெரியுமா?" என்றார். டீச்சர் படித்தார். பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். மாமா கையிலேயே கொடுத்துவிட்டார்.

அந்தப் பளபளப்பைப் பார்த்தாலே எனக்குக் குமட்டுகிறது அண்ணி. "குழந்தையை நேரில் பரிசோதித்ததில், மொழி வளர்ச்சி வயதுக்கு ஏற்ற அளவில் உள்ளது. ஆண் குழந்தைகள் சற்றுத் தாமதமாகப் பேசுவது இயல்பு. தற்போது பயிற்சி எதுவும் தேவையில்லை." எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அவனுக்கு ஏழு மாதம் இருக்கும்போது நீங்கள் வந்துபோனீர்கள். அதற்குப் பிறகு நீங்களும் வரவில்லை, நாங்களும் வரவில்லை. அப்படியென்றால் எப்போது பரிசோதித்தீர்கள்? இது ஒன்றைத்தான் கேட்கவேண்டும் என்று இருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தம்பி மனைவி

*

மார்ச் 12

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

உன் கடிதம் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிவிட்டேன். எல்லோரும் நலம் என்று படித்தபிறகுதான் மூச்சு வந்தது. முட்டி அப்படியேதான் இருக்கிறது. கீழே டயர் கடை, மேலே நாங்கள். அவர்கள் காற்றடித்துக்கொண்டே இருக்கிறார்கள், நான் சோப்புக் குமிழி ஊதிக்கொண்டே இருக்கிறேன். இரண்டு பேருக்கும் பிழைப்பு காற்றில்தான்.

முதலில் ஒன்று செய். துரைக்குக் காது கேட்கிறதா என்று சோதனை செய்துவிடு. பேச்சு தாமதம் என்று எந்தப் பிள்ளை வந்தாலும் முதல் வேலை அதுதான். பயப்பட ஒன்றுமில்லை, வலிக்காது. போனையும் டிவியையும் அவன் கண்ணில் காட்டாதே.

இங்கே எனக்குத் தினமும் ரத்தக் கொதிப்புதான். நேற்று ஒரு அப்பா நாலரை வயதுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்று கேட்டால், "சொந்தத்துல ஒருத்தர் ஆஸ்பத்திரியில வேலை பார்க்கறார். பொறுத்துப் பாரு, தானா வரும்னாரு" என்கிறார். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு வயதில் வந்திருந்தால் விளையாட்டோடு விளையாட்டாகச் செய்திருக்கலாம். இப்போது அந்தப் பிள்ளை முட்டுகிறான், கடிக்கிறான், சொல்லத் தெரியாத கோபம் முழுவதும் பல்லில் இருக்கிறது. அந்தச் சொந்தக்காரரை ஒரு நாள் என் பாயில் கொண்டுவந்து உட்காரவைக்க வேண்டும்.

நீ வீணாக மனசைக் குழப்பிக்கொள்ளாதே. தம்பியையும் கொஞ்சம் அனுசரித்துப் போ. அவனுக்கும் வேலையில் ஆயிரம் தலைவலி. அப்பாவின் மாத்திரையை மறக்காமல் கொடு.

அன்புடன்,
அண்ணி

*

மார்ச் 27

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். மாமா மாத்திரை வேளைக்குப் போகிறது.

காது சோதனை முடிந்தது. "என் பிள்ளை என்ன செவிடா?" என்று உங்கள் தம்பி வரவில்லை. கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். துணைக்கு வருகிறேன் என்று மாமாவும் பையோடு வந்தார். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன அறை. காதில் மாட்டியதை மூன்று தடவை பிடுங்கி எறிந்தான். அப்புறம் ஸ்பீக்கரில் வைத்துப் பார்த்தார்கள். காது நன்றாகக் கேட்கிறது. மாமா அந்த நடைபாதையிலேயே எல்லோருக்கும் கேட்கும்படி, "நான் சொல்லல?" என்றார்.

அங்கேயே பக்கத்துக் கட்டடத்தில் குழந்தை வளர்ச்சி மையம் இருக்கிறது. வந்ததுதான் வந்தோம் என்று பதிவு செய்யப் போனேன். மேஜையில் இருந்த அம்மா நல்லவர். "மூணு வயசு முடியறதுக்குள்ள பதிஞ்சுட்டா வாரம் மூணு நாள் தனிப் பயிற்சிம்மா. தாண்டிட்டா பெரிய பிள்ளைங்க வரிசை. அதுல எப்ப கூப்பிடுவாங்கன்னு எனக்கே தெரியாது" என்றார். நான் பேனாவைத் திறந்தேன். மாமா பையைத் திறந்தார்.

அவர் படித்துவிட்டு உள்ளே எடுத்துப் போனார். திரும்பி வரும்போது முகம் மாறிவிட்டது. "ஒரு பேச்சுப் பயிற்சியாளரே நேர்ல பார்த்து, பயிற்சி தேவையில்லைன்னு எழுதியிருக்காங்க. இது எங்க கைக்கு வந்தாச்சு, நாங்க பார்க்கலைன்னு சொல்ல முடியாது. எழுதினவங்களே மாத்தி ஒரு கடிதம் கொடுத்தா அன்னைக்கே பதிஞ்சுடறேன். இல்லைன்னா எங்க குழு உட்கார்ந்து பேசணும். அது ஆகஸ்ட்ல."

பஸ்ஸில் மாமா அந்த அட்டையை வேட்டி நுனியால் துடைத்தார். எனக்கு அவர் மேலும் கோபம், அந்தத் துடைப்பு மேலும் கோபம். வீட்டுக்கு வந்தால் உங்கள் தம்பியின் வைத்தியம் நடக்கிறது. பிஸ்கட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு "அப்பா சொல்லு, அப்பா சொன்னாத்தான்" என்று குழந்தை அலறும்வரை ஆட்டுவது. அலறியதும் கையில் திணித்துவிட்டு, "பாரு, அப்பான்னு சொல்லித்தான் அழுதான்" என்பது.

அண்ணி, மாற்றி ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். இரண்டு வரி போதும். முன்பு கேட்டதற்கும் நீங்கள் பதில் எழுதவில்லை. மறந்திருப்பீர்கள்.

இப்படிக்கு,
தம்பி மனைவி

*

ஏப்ரல் 9

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

காது நன்றாக இருக்கிறது என்றதும் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. எனக்கு லேசாகச் சளி. வேறு ஒன்றுமில்லை.

பிஸ்கட் விளையாட்டை உடனே நிறுத்தச் சொல். "சொல்லு, சொல்லு" என்று கேட்கக் கேட்க அவன் ஓடித்தான் ஒளிவான். அதற்குப் பதில் இப்படிச் செய். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற, ஆனால் அவனால் திறக்கமுடியாத ஒரு டப்பா எடு. அவனுக்குப் பிடித்ததை உள்ளே போட்டு அவன் கையில் கொடு. எதிரே தரையில் உட்கார். பேசாதே. மனசுக்குள் பத்து வரை எண்ணு. அவனாக உன்னிடம் நீட்டினால், அதுவும் உன் முகத்தைப் பார்த்துவிட்டு நீட்டினால், அதுதான் முதல் பேச்சு. வார்த்தை அப்புறம் வரும். அவன் நீட்டியதும் "திற" என்று ஒரே ஒரு சொல் சொல்லித் திறந்து கொடு. தம்பி குறுக்கே வந்து திறந்துவிடாமல் பார்த்துக்கொள்.

அவன் விளையாடுவதைப் படம் பிடித்து வை. பார்க்கும்போது முதல் தடவை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார். இங்கே இந்த வேலையைக் கற்றுக்கொள்ளப் பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம் இதுதான். சத்தம் இருந்தால் பெரியவர்கள் பேசுவதே அறை முழுக்க நிறைந்து, ஏதோ குழந்தையும் சேர்ந்து பேசுவதுபோல நமக்குத் தோன்றும். சத்தம் இல்லாவிட்டால்தான் குழந்தை யாரைப் பார்க்கிறது, எங்கே திரும்புகிறது என்பது தெரியும்.

மாற்றுக் கடிதம் என்பது நினைத்தவுடன் கொடுப்பதில்லை அம்மா. அதற்கெல்லாம் முறை இருக்கிறது. மேலாளர் கையெழுத்து வேண்டும். பார்க்கலாம். ஜூன் வரைக்கும் நாள் இருக்கிறதே.

அன்புடன்,
அண்ணி

*

ஏப்ரல் 20

அண்ணிக்கு,

எல்லோரும் நலம். உங்கள் சளி விட்டிருக்கும்.

கடையில் விற்காமல் கிடந்த, மூக்குக்கண்ணாடி வைக்கும் பெட்டி ஒன்று கிடைத்தது. மேல்மூடி ஒளி புகும் பிளாஸ்டிக், கொக்கி இறுக்கமானது. மஞ்சள் நிற லென்ஸ் துடைக்கும் துணி என்றால் துரைக்கு உயிர். அதை உள்ளே வைத்துக் கொடுத்தேன். பத்து எண்ணுவது என்றீர்களே, எங்கள் வீட்டில் இரண்டைத் தாண்ட விடமாட்டார்கள். இரண்டுக்குள் ஒருவர் பாய்ந்து வந்து, "பாவம்டா ராஜா" என்று திறந்துவிடுவார். அவனுக்குப் பேச அவசியமே வைக்காத வீடு இது.

அது இருக்கட்டும். உங்கள் தம்பி போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருந்தபோது எடுத்துப் பார்த்தேன். போன வருடம் மே ஐந்தாம் தேதி உங்களுக்கு ஒரு படம் அனுப்பியிருக்கிறார். ஒரு நிமிடம் நாற்பது நொடி. கடிதத்தில் தேதி மே ஆறு. ஆக, அந்தப் படம்தான் உங்கள் நேர்ப் பரிசோதனை.

முதலில் சத்தத்தோடு பார்த்தேன். "துரை, அத்தைக்கு வணக்கம் சொல்லு! ஹா, சொல்லிட்டான் பாருக்கா!" என்கிறார். "பந்து எங்க? அதோ பந்து! கெட்டிக்காரப் பய!" என்கிறார். மாமா சிரிக்கிறார். எங்கிருந்தோ நானும் ஏதோ சொல்கிறேன். கல்யாண வீடு மாதிரி இருக்கிறது.

அப்புறம் நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரி சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். ஒரு குழந்தை முதுகைக் காட்டி உட்கார்ந்து பாட்டில் மூடியைச் சுழற்றுகிறது. ஒரு பெரிய கை வந்து தாடையைத் திருப்புகிறது. முகம் நழுவித் தரைக்குப் போகிறது. மறுபடி கை வருகிறது. நாலு தடவை எண்ணினேன். நூறு நொடியில் அவன் ஒருவரையும் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. கண்ணாடி விற்பவளுக்கே இது தெரிகிறது அண்ணி.

இனி என் கேள்வி ஒன்றுதான். அன்றைக்கு நீங்கள் அதைச் சத்தத்தோடு பார்த்தீர்களா, சத்தம் இல்லாமல் பார்த்தீர்களா?

தம்பி மனைவி

*

மே 15

அண்ணிக்கு,

நீங்கள் நலமாக இருப்பதாக மாமாவிடம் போனில் சொன்னீர்களாம். புதுத் திரைச்சீலை வாங்கியது, டயர் கடைக்காரரோடு சண்டை போட்டது எல்லாம் சொன்னார். எழுதக் கை, பேச வாய் எல்லாம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

இருபத்தைந்து நாள் ஆகிறது. ஜூன் பதினொன்றுக்கு இன்னும் இருபத்தேழு நாள்.

தம்பி மனைவி

*

மே 23

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

கோபப்படாதே. இங்கே ஆய்வுக்கு ஆள் வந்தார்கள், கோப்புகளை ஒழுங்குபடுத்தவே நேரம் சரியாக இருந்தது. கூடவே தலைசுற்றல் வேறு.

யோசித்துப் பார்த்தேன். தம்பிக்குத் தெரியாமல் நாம் இரண்டு பேரும் இப்படி எழுதிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அவன் குடும்பத் தலைவன். அவனிடம் பக்குவமாகப் பேசி, அவனே கேட்டால் நான் எழுதித் தருவதில் எனக்கும் சங்கடம் இருக்காது. சில பிள்ளைகள் மூன்று வயதுக்குமேல் திடீரென்று பேசுவதும் உண்டு. நான் இல்லை என்று சொல்லவில்லை.

துரைக்கு என் முத்தம்.

அண்ணி

*

ஜூன் 2

அண்ணிக்கு,

நலம் விசாரிக்கவில்லை. தோன்றவில்லை.

இன்று கடைக்கு ஒரு அம்மா ஒன்பது வயதுப் பெண்ணைக் கூட்டி வந்தார். வலது கண்ணை மூடிவிட்டு இடது கண்ணால் பலகையைப் படிக்கச் சொன்னேன். மேலே இருக்கும் ஒரே ஒரு பெரிய எழுத்தைக்கூடத் தடவித் தடவிச் சொன்னது. எந்த லென்ஸ் போட்டாலும் அதே கதைதான். அந்தக் கண் சின்ன வயதிலேயே வேலை செய்வதை விட்டுவிட்டது. "நாலு வயசுலயே மாறுகண் மாதிரி இருந்தது. வீட்ல, வளர வளரச் சரியாயிடும்னு சொன்னாங்க" என்றார் அந்த அம்மா. "யார் சொன்னாங்க?" என்றேன். "வீட்லதான்." எனக்கு அருவருப்பாக இருந்தது. எங்கள் கடையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் முகம் பார்க்கும் கண்ணாடி. அந்த அம்மாவைப் பார்க்கச் சகிக்காமல் திரும்பினேன், என் மூஞ்சியே நின்றது.

எனக்கும் பங்கு இருக்கிறது. உங்கள் கடிதம் வந்த அன்று அதை இரண்டு தடவை படித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன். நீங்கள் வரவே இல்லை என்பது எனக்குத் தெரியாதா? "நேரில்" என்று எழுதியிருந்ததைப் படிக்காமலா இருந்தேன்? தெரிந்தும் விழுங்கினேன். கேட்க நல்லதாக இருந்தது, விழுங்கிவிட்டேன். பத்து மாதம் கழித்துத்தான் வாந்தி வந்தது.

ஆனால் என் மேல் உள்ள அருவருப்பை உங்கள் கணக்கில் கழித்துக்கொள்ளாதீர்கள். யாரோ ஒரு சொந்தக்காரர் பொறுத்துப் பாரு என்றாராம், அவரைப் பாயில் உட்காரவைக்க வேண்டும் என்று எனக்கு எழுதினீர்கள். எந்தக் கையால் எழுதினீர்கள்? மூன்று வயதுக்குமேல் திடீரென்று பேசுவதும் உண்டு என்று எழுதினீர்களே, உங்கள் மையத்துக்கு வருகிற எந்த அம்மாவிடமாவது இதைச் சொல்வீர்களா? துரைக்கு முத்தமாம். அதை லேமினேட் செய்து அனுப்பியிருக்கலாம்.

உங்கள் தம்பியிடம் பக்குவமாகப் பேசச் சொன்னீர்கள். பேசினேன். "அக்காவே சொல்லிட்டா, அப்புறம் என்ன?" என்றார். அவ்வளவுதான். நீங்கள் அவரைக் காட்டுகிறீர்கள், அவர் உங்களைக் காட்டுகிறார். நடுவில் என் பிள்ளை மூடியைச் சுழற்றிக்கொண்டு இருக்கிறான்.

இனிமேல் கடிதம் கேட்கமாட்டேன்.

*

ஜூன் 20

உனக்கு,

செல்லப் பெயர் வைத்துக் கூப்பிடும் யோக்கியதை எனக்கு இல்லை, அதனால் விட்டுவிட்டேன். நான் உயிரோடு இருக்கிறேன், நடமாடுகிறேன்.

சத்தம் இல்லாமல்தான் பார்த்தேன். முதல் தடவையே. பழகிய கை, படம் வந்ததும் தானாகச் சத்தத்தைக் குறைத்தது. பன்னிரண்டாவது நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ எண்ணிய நாலு தாடைத் திருப்பலையும் நான் அன்றைக்கே எண்ணினேன். அதற்குப் பிறகுதான் சத்தத்தைக் கூட்டிவைத்துப் பார்த்தேன். தம்பி சிரித்தான், அப்பா சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பையே பிடித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் தம்பி போன் செய்தான். "அவ தினமும் என்னைப் பிடுங்கி எடுக்கறாக்கா. பிள்ளைக்கு என்னவோன்னு ஒரே பாட்டு. நீ நாலு வரி எழுதிக் கொடு, வாயை மூடிக்குவா" என்று சொல்லிவிட்டு அழுதான். அம்மா செத்தபோதுகூட அவன் அழுது நான் பார்த்ததில்லை. ஊரார் பிள்ளைக்கெல்லாம் வருவது என் வீட்டுக்கு வராது என்கிற திமிரும் எனக்கு இருந்தது. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பேசாத பிள்ளைகளைப் பேசவைக்கத்தான் அந்த லெட்டர்பேட். அதை எடுத்து, பேசிக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் வாயை அடைத்தேன்.

மார்ச் மாதமே இதை எழுதியிருக்கலாம். எழுதி மூன்று தடவை கிழித்தேன். வேலை போய்விடும் என்று பயம். தம்பி முகத்தில் விழிக்கமுடியாதே என்று பயம். இந்த மூன்று மாதத்துக்கு அழுகை, பாசம் என்று எந்தச் சாக்கும் என்னிடம் இல்லை. பச்சைக் கோழைத்தனம். பதினோராம் தேதி விடிந்து முடியும்வரை நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நம்புவாயா? அது தாண்டிய பிறகுதான் மேலாளர் அறைக்குப் போனேன். ஏன் அப்படி என்று எனக்கே விளங்கவில்லை. நினைத்தாலே என் கை எனக்கு நாறுகிறது.

உங்கள் ஊர் குழந்தை வளர்ச்சி மையத்துக்கும் ஒரு நகல் அனுப்பிவிட்டேன். உனக்கானது இதோடு இருக்கிறது:

"சென்ற ஆண்டு மே 6 அன்று நான் அளித்த சான்று தவறானது. அக்குழந்தையை நான் நேரில் பரிசோதிக்கவில்லை. குழந்தையின் தந்தை அனுப்பிய படத்தை மட்டுமே பார்த்தேன். அதிலேயே குழந்தைக்கு உடனடியாக முழுமையான மதிப்பீடும் பேச்சுப் பயிற்சியும் தேவை என்பது தெரிந்தது. தெரிந்தே மாற்றி எழுதினேன். குழந்தையின் தாய் அப்போது கொண்டிருந்த கவலை சரியானது."

கடைசி வரியை மேலாளர் வேண்டாம் என்றார். எடுக்கமாட்டேன் என்றேன்.

*

ஜூலை 8

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் ஜூன் இருபத்து நாலாம் தேதி கடைக்கு வந்தது. மறுநாள் காலையில் மையத்துக்குப் போனேன். மேஜை அம்மா படித்தார், என் முகத்தைப் பார்க்காமலே மறுபடி படித்தார். "பதினாலு நாள்மா. பதினாலு நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?" என்றார். துரை இப்போது பெரிய பிள்ளைகள் வரிசையில் நூற்றுப் பதினெட்டாவது ஆள்.

வீட்டில் சாப்பாட்டு மேஜையில் வைத்து உங்கள் தம்பியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "அக்கா இதை எழுதியிருக்கக் கூடாது" என்றார். எதை என்று கேட்டேன். எழுந்து போய்க் கை கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இல்லை.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். பையிலிருந்து அந்த அட்டையை எடுத்துக் கிழிக்கப் பார்த்தார். லேமினேட் செய்தது கிழியுமா? வளைத்தார், அது நிமிர்ந்துகொண்டது. பல்லால் கடித்துக்கூடப் பார்த்தார். கடைசியில் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டு போனவரிடமிருந்து நான் பிடுங்கினேன். "வெட்டாதீங்க மாமா. இது துரையோட ஃபைல்ல இருக்கட்டும். நம்ம எல்லாருக்கும் இதுல கையெழுத்து இருக்கு" என்றேன்.

மறுநாளிலிருந்து மாமாதான் டப்பா விளையாட்டுக்கு எதிரே உட்காருகிறார். உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் பிடிக்கவேண்டியிருக்கிறது. உதட்டுக்குள் எண்ணுகிறார். பத்து போதும் என்றால் கேட்பதில்லை, பதினைந்துவரை போகிறார். உங்கள் தம்பி கதவோரம் நின்று இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு பார்க்கிறார். திறக்க ஓடிவராமல் நிற்கவே அவர் கையைக் கட்டவேண்டியிருக்கிறது.

நீங்கள் வரவேண்டும். விருந்தாளியாக இல்லை. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, காலை ஆறரை மணி பஸ். இரண்டு மணி நேரம் துரையோடு தரையில், ஒரு மணி நேரம் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க. சாப்பாடு உண்டு. ஊர்க்கதை கிடையாது. மன்னிப்புக் கேட்டு அழுவது கிடையாது. அவன் எதிரே அழுதால் வெளியே அனுப்பிவிடுவேன்.

தம்பி மனைவி

*

ஜூலை 16

உனக்கு,

வருகிறேன். இருபத்தேழாம் தேதி முதல் பஸ்.

ஆறு மாதத்துக்கு நான் எந்தக் குழந்தையையும் மதிப்பீடு செய்யக்கூடாது, எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது என்று மேலாளர் எழுதிக் கொடுத்துவிட்டார். பாய் விரிக்கலாம், பொம்மை கழுவலாம். பயிற்சிக்கு வந்த பெண்கள் காரணம் கேட்டார்கள். மூடி மறைக்காமல் சொன்னேன். ஒருத்தி அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. நல்ல பெண், தேறிவிடுவாள்.

முட்டியைப் பற்றி நீ இப்போதெல்லாம் கேட்பதில்லை. கேட்கவேண்டாம். மஞ்சள் துணி இன்னும் இரண்டு எடுத்து வை.

அண்ணி

*

அக்டோபர் 2

அண்ணிக்கு,

மாமாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, தைலம் தேய்க்கிறோம். மற்றபடி நலம். உங்கள் முட்டி எப்படி இருக்கிறது? போன தடவை பஸ் படியில் ஏற நீங்கள் பட்ட பாட்டைப் பார்த்தேன். அதனால் கேட்டேன். வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளவேண்டாம்.

இப்போது ஒளிக்க ஒன்றும் இல்லை, போனிலேயே சொல்லலாம். ஆனால் போனில் உங்கள் குரல் உடைகிறது. உடைந்தால் நான்தான் சமாதானம் சொல்லவேண்டியிருக்கிறது. அந்த வேலை எனக்கு வேண்டாம். எழுதுவதே எனக்கு வசதி.

ஐந்து தடவை வந்துவிட்டீர்கள். ஒவ்வொரு தடவையும் நீங்கள் தரையில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் அவன் முன்னால் காத்திருப்பதைப் பார்க்கிறேன். தொழில் நன்றாகத் தெரிந்தவர் என்பது அப்போது புரிகிறது. அது புரியப் புரிய எனக்கு வயிறு எரிகிறது, குறைவதில்லை. மையத்து வரிசையில் துரை தொண்ணூற்று நாலாவது ஆள் ஆகியிருக்கிறான்.

நேற்று எடுத்த படம் ஒன்றை உங்கள் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். கண்ணாடிப் பெட்டி, உள்ளே மஞ்சள் துணி. எதிரே நான். நாற்பத்திரண்டாவது நொடிக்கு வாருங்கள். கொக்கியோடு போராடிவிட்டு அவன் பெட்டியை என் பக்கம் நீட்டுகிறான். கையைப் பிடித்து இழுக்கவில்லை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கிறான். முழுசாக ஒரு நொடிகூட இல்லை, மறுபடி பெட்டிக்குப் போய்விடுகிறான். ஆனால் பார்த்தான். மூன்று வருடம் மூன்று மாதத்தில் என்னிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்தப் படத்தில் சத்தம் இருக்காது. உங்கள் தம்பி கத்தியது, மாமா அழுதது, நான் என்னவோ உளறியது எல்லாம் இருந்தது. எடுத்துவிட்டேன். நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

பார்த்துவிட்டு எனக்கு ஒரு பதில் எழுதுங்கள். போன வருடம் மே மாதமே ஆரம்பித்திருந்தால் இந்த ஒரு நொடி எப்போது வந்திருக்கும்? தெரியாது, சொல்லமுடியாது, ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு மாதிரி என்றெல்லாம் எழுதவேண்டாம். மாதத்தைச் சொல்லுங்கள். லெட்டர்பேட் தேவையில்லை, வெறும் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாருங்கள். மாமாவின் அட்டைக்கு அடுத்த தாளாக ஃபைலில் வைக்கவேண்டும்.

ஆறரை மணி பஸ்ஸை விட்டுவிடாதீர்கள். துரை எட்டு மணிக்கெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாயில் வந்து உட்கார்ந்துவிடுகிறான்.

இப்படிக்கு,
துரையின் அம்மா